டகோட்டாவில் உரம் போட்ட காலம்: நியூசிலாந்து நினைவுகள்

#1 பழைய டகோட்டா

வணக்கம். போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு டௌபோ போயிருந்தேன். அங்கே மெக்டொனால்ட்ஸ் கடையோடு சேர்த்து ஒரு டகோட்டா விமானம் நிற்கிறது. பிள்ளைகள் உள்ளே ஏறி இருந்து சாப்பிடலாம். 1960களில் பயணிகளை ஏற்றிய விமானம் அது. பிறகு பண்ணைகளுக்கு உரம் போட்டது. இதைச் சொன்னதும் பேத்தி கேட்டாள்: "ஜன்னலைத் திறந்து கொட்டினார்களா தாத்தா?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்த வேலையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

நான் 1966இல் ரத்மலானையில் ஏர் சிலோனில் பயிலுநராகச் சேர்ந்தவன். அப்போது எனக்கு 19 வயது. ஏர் சிலோன் தொடக்கத்தில் வைத்திருந்த மூன்று டகோட்டாக்களுக்கு சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர். 1947 டிசம்பரில் முதல் பயணமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். நான் சேர்ந்த காலத்தில் புதிய விமானங்கள் வந்துவிட்டன, ஆனால் என்னைப் பழக்கிய பெரியவர்கள் எல்லோரும் டகோட்டாவில் கை தேய்ந்தவர்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதை அவர்களிடம்தான் படித்தேன்.

1970களின் கடைசியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. சிலர் ஏர் லங்காவுக்குப் போனார்கள், சிலர் வளைகுடாவுக்கு. டகோட்டா தெரிந்த மெக்கானிக் தேவை என்று நியூசிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 1979இல் வந்து இறங்கினேன். பயணிகள் விமானம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் ஹாங்கருக்குள் கொண்டுபோய்க் காட்டினார்கள். எனக்குத் தெரிந்த அதே மூக்கு, அதே இறக்கை. உள்ளே ஏறினால் இருக்கை ஒன்றுகூட இல்லை. இருக்கைகள் இருக்க வேண்டிய இடம் முழுக்க ஒரு பெரிய தகரத் தொட்டி. மேல்கூரையில் ஒரு வாய், வயிற்றுப் பக்கம் ஒரு கதவு. எல்லா மூலையிலும் சாம்பல் நிறத் தூள். மூக்கில் ஏறிய புளித்த வாடை இன்றும் நினைவிருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இதுதான். விமான நிலையத்து ஓரத்தில் பெரிய கொட்டகையில் சூப்பர் பாஸ்பேட் உரம் குவித்துக் கிடக்கும். விமானம் வந்து நிற்கும். பக்கெட்டை உயரத் தூக்கக்கூடிய லொறி பக்கத்தில் வந்து முதுகு வாய்க்குள் கொட்டும். ஏறத்தாழ 5 டன். மூடியைப் பூட்டியதும் விமானம் ஓடத் தொடங்கிவிடும். மலைப்பண்ணைக்கு மேலே போய் விமானி வயிற்றுக் கதவைத் திறந்தால் பின்னால் வெள்ளைப் புகைபோல் உரம் இறங்கும். ஏக்கருக்கு 100 முதல் 150 கிலோ என்று வைத்தால் ஒரு நடையில் 40 ஏக்கர் முடிந்துவிடும். திரும்பி வரும், கொட்டுவோம், போகும். காற்று எழும்புவதற்கு முன்னால் எத்தனை நடை ஓட முடியும் என்பதுதான் நாள் முழுக்க எல்லோருடைய கணக்கும். அதனால் விடியுமுன்பே வேலைத்தலத்தில் நிற்போம்.

இதற்குத் தமிழில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே "டாப்டிரெஸ்ஸிங்" என்பார்கள். இந்தத் தொழிலில் இருந்த வேறு யாராவது இங்கே உண்டா?


#2 வடவாற்றங்கரை

ஐயா, சொல் எங்களிடம் இருக்கிறது. மேலுரம். நடவுக்கு முன் உழவோடு போடுவது அடியுரம், பயிர் நின்ற பிறகு மேலாக வீசுவது மேலுரம். தஞ்சாவூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்து டன் கொள்ளும் விமானத்தில் மேலுரம் போடுவார்கள் என்பதைத்தான் இன்றைக்கு முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். சூப்பர் பாஸ்பேட்டை நாங்கள் அடியுரமாகத்தான் போடுவோம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் நகராது, வேர் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று வேளாண் அலுவலர் முதல் உரக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். மேலுரம் என்றால் யூரியா, பொட்டாஷ். அங்கே ஏன் சூப்பரை மேலே தூவுகிறார்கள்? வீணாகிவிடாதா?

இன்னொன்று, புல்லுக்கா இவ்வளவு செலவு?


#3 மாசி மாணவன்

இழையைப் பார்த்ததும் கை பரபரத்துவிட்டது. நான் மலேசியாவில் கோலசிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் 1970களின் தொடக்கத்தில் பாமஸ்டன் நார்த் நகரில் இருக்கும் மாசி பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தேன். விடுமுறையில் பண்ணைகளில் வேலை செய்தே ஆக வேண்டும், அது படிப்பில் ஒரு பகுதி. அப்படித்தான் இந்தத் தொழிலின் ஓரத்தில் கொஞ்சக் காலம் நின்றேன். பழைய டகோட்டா அண்ணன் பெரிய விமானத்தைச் சொல்கிறார். நான் பார்த்தது சின்னது, ஃப்ளெட்சர்.

முதலில் வடவாற்றங்கரைக்குப் பதில். கேட்டது சரியான கேள்வி. மணிச்சத்து மண்ணில் நகராது என்பது அங்கேயும் உண்மைதான். ஆனால் அந்த மலைகளில் ஏர் ஓட்ட முடியாது. சரிவு அப்படி. நடந்து ஏறும்போதே ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொள்வோம். உழாத நிலத்தில் உரத்தை மண்ணுக்குள் வைக்க வழியில்லை. அதே சமயம் மேய்ச்சல் புல்லின் வேரும் க்ளோவரின் வேரும் மேல்மண்ணில்தான் அடர்ந்து கிடக்கும். மழை நன்றாகப் பெய்கிற நாடு, மேல்மண் ஈரமாகவே இருக்கும். அதனால் மேலே விழுந்தது அங்கேயே கரைந்து அங்கேயே எடுக்கப்படுகிறது. நெல்வயலில் தோற்கிற முறை நிரந்தரப் புல்தரையில் ஜெயிக்கிறது.

க்ளோவர் என்பது நம் தக்கைப்பூண்டு, கொளுஞ்சி மாதிரி வேர்முடிச்சு உள்ள செடி. காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுக்கும். அதற்கு மணிச்சத்தும் கந்தகமும் வேண்டும், சூப்பரில் இரண்டும் உண்டு. ஆக, சூப்பர் போட்டால் க்ளோவர் வளரும், க்ளோவர் வளர்ந்தால் தழைச்சத்து வரும், தழைச்சத்து வந்தால் புல் வரும், புல் வந்தால் ஆடு. மலைப்பண்ணை முழுக்க இந்தச் சங்கிலியில்தான் நின்றது. யூரியா மூட்டை வாங்காமலே யூரியாவின் வேலை நடந்தது.

அடுத்தது, புல்லுக்கு ஏன் இவ்வளவு செலவு? வடக்குத் தீவின் மலைகளில் இருந்த காட்டை 19ஆம் நூற்றாண்டில் வெட்டி எரித்துப் புல் விதைத்தார்கள். சாம்பலின் சத்து இருந்தவரை புல் வந்தது. அது தீர்ந்ததும் புல் மெலிந்தது, முள்ளும் புதரும் ஏறின, வேர்ப்பிடிப்பு இல்லாமல் மலை சரிய ஆரம்பித்தது. ஒரு நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பங்கு கம்பளியும் இறைச்சியும்தான் என்று யோசித்துப் பாருங்கள். கீழே சமவெளியில் வண்டி வைத்து உரம் போட முடிந்தது, மலைக்கு முடியவில்லை.

விமானத்தை நினைத்தது அதனால்தான். ஆலன் பிரிச்சர்ட் என்ற அரசாங்க விமானி 1939 வாக்கில் வடகோடிக் கடற்கரையில் மணல்மேட்டைக் கட்ட லூபின் என்ற செடியின் விதையை விமானத்திலிருந்து தூவிக் காட்டினார். போர் முடிந்த பிறகு 1948இல் விமானப்படையின் அவெஞ்சர் விமானத்தை வைத்து ஒஹாகேயாவில் உரம் தூவிச் சோதித்தார்கள். அவெஞ்சர் டார்ப்பிடோ போட்டுக் கப்பலை மூழ்கடிக்கச் செய்த விமானம். 1949இல் டைகர் மோத் என்ற இரட்டை இறக்கை விமானத்தோடு தனியார்கள் கூலிக்கு இறங்கினார்கள். ஒரு நடைக்குக் கால் டன் அளவுதான். ஆனாலும் ஆட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். போரிலிருந்து திரும்பிய விமானிகளுக்கு வேலை, உபரி விமானம் மலிவு விலை, கம்பளிக்கு நல்ல விலை, எல்லாம் ஒரே நேரத்தில் கூடி வந்தது. ஃப்ளெட்சர் 1954இல் முதல்முறை பறந்தது. அமெரிக்காவில் வடிவமைத்தது என்றாலும் இந்த மலைகளுக்காகவே பிறந்த விமானம். பிற்பாடு ஹாமில்டனிலேயே கட்டினார்கள்.

டைகர் மோத் கால் டன், ஃப்ளெட்சர் ஒரு டன், டகோட்டா ஐந்து டன். ஆனால் டகோட்டா உண்மையான விமான நிலையம் கேட்கும். ஃப்ளெட்சருக்கு மலை முகட்டில் புல்லை வெட்டிய ஒரு பட்டை போதும். மேட்டைப் பார்த்து இறங்கும், பள்ளத்தைப் பார்த்து எழும்பும்.

அண்ணன், அந்தப் புளித்த வாடையை எழுதினீர்களே, ஐம்பது வருடம் கழித்து எனக்கும் மூக்கில் ஏறியது.


#4 பழைய டகோட்டா

மாசி தம்பி, மனம் நிறைந்தது. மேலுரம் என்ற சொல்லைத் தந்த வடவாற்றங்கரைக்கும் நன்றி. இனி அதையே எழுதுவேன்.

நான் சொல்ல வந்தது விமானியைப் பற்றியல்ல. அவர்களுக்குப் புகைப்படம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, அந்த மதிப்புக்கு அவர்கள் தகுதியானவர்களும்கூட. நான் சொல்ல வந்தது கழுவுவதைப் பற்றி.

சூப்பர் பாஸ்பேட் எப்படிச் செய்கிறார்கள்? பாஸ்பேட் பாறையைத் தூளாக்கிக் கந்தக அமிலத்தில் கலப்பார்கள். முடிந்த உரத்திலும் கொஞ்சம் அமிலம் மிஞ்சி நிற்கும். காய்ந்திருக்கும்போது அது சாது. ஈரம் பட்டால் போதும், அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். விமானமோ முழுக்க அலுமினியம். நாள் முழுக்க ஐந்து ஐந்து டன்னாக அதன் வயிற்றில் கொட்டுகிறோம். எவ்வளவுதான் இறுக்கி மூடினாலும் தூள் கசியும். தரைத் தகட்டுக்குக் கீழே, வால் பக்கம், கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் வழியில் என்று எல்லா இடமும் போய்ப் படியும். இரவு பனி இறங்கும். காலையில் பார்த்தால் தூள் களியாகியிருக்கும்.

அதனால் ஒவ்வொரு நாளும் பறப்பு முடிந்த பிறகு எங்கள் வேலை தொடங்கும். தரைத் தகடுகளைக் கழற்றி, குழாய் வைத்து, வயிற்றின் உள்பக்கம் முழுக்கக் கழுவ வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வேலை அதிகம், தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும். விரல் மரத்துப் போகும். கையுறை போட்டால் மூலைகள் தட்டுப்படாது, அதனால் போடமாட்டோம்.

டகோட்டாவின் அடிவயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்ன வடிகால் துளைகள் உண்டு, சுண்டுவிரல் நுழையாது. உள்ளே சேரும் தண்ணீர் இறங்குவதற்காக வைத்தவை. உரக்களி முதலில் அடைப்பது இவற்றைத்தான். துளை அடைத்திருந்தால் நாம் கழுவும் தண்ணீரே அமிலத் தண்ணீராக உள்ளே தேங்கிவிடும், கழுவாமல் விட்டதைவிட மோசம்.

நான் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும். ஒரு மாலை இருட்டிவிட்டது, பசி வேறு. வால் பக்கத்துத் துளைகளைப் பார்க்காமல் தகட்டைப் பூட்டிவிட்டேன். மூன்று கிழமை கழித்து வழக்கமான சோதனை. எங்கள் போர்மன் ஒரு மாவோரி மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல உலோகம் கணீரென்று கேட்கும். டங், டங், டங். ஒரு இடத்தில் டொக். நின்றார். என்னைக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளிப் பூச்சு பொரித்த அப்பளம்போல் எழும்பியிருந்தது. நகத்தால் கீறினேன். வாழைமட்டை உரிவதுபோல் படைபடையாகப் பிரிந்தது, உள்ளே வெள்ளை மா. அந்த மாவுதான் மூன்று கிழமைக்கு முன் அலுமினியமாக இருந்தது.

அவர் ஏசவில்லை. மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சைக்கிள் சில்லுக் கம்பியை எடுத்தார். நுனியைக் கொக்கிபோல் வளைத்திருந்தார். "இதை வைத்துக்கொள்" என்று தந்துவிட்டுப் போனார். அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ரிவெட் அடிக்க எனக்கும் இன்னொருவருக்கும் இரண்டு நாள் பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு மாலைகூட நான் அந்தக் கம்பியை எடுக்காமல் விட்டதில்லை. கம்பி இப்போதும் வீட்டில் இருக்கிறது.

கழுவிக் காய்ந்த பிறகு உள்ளே கிரீஸ் பூசுவோம், ஆட்டு ரோமத்தில் எடுக்கும் கொழுப்பு கலந்தது. கையில் பிடித்தால் இரண்டு நாளைக்குப் போகாது. ஆனால் அமிலத்துக்கு அதைவிட நல்ல தடுப்பை நான் பார்க்கவில்லை.

எஞ்சின் பக்கம் ரத்மலானையில் படித்தது அப்படியே கைகொடுத்தது. பதினான்கு சிலிண்டர், 1200 குதிரைத்திறன், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். இரண்டு எஞ்சினுக்குமாக 56 பிளக். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். இரவில் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கி நிற்கும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே கம்பி வளைந்துவிடும். இதெல்லாம் டகோட்டா எங்கே பறந்தாலும் உண்டு. தூசிதான் இங்கே புதிது. காற்று வடிகட்டியைக் கவனிக்காவிட்டால் சிலிண்டர் அரம் போட்டதுபோல் தேய்ந்துவிடும்.

யாழ்ப்பாணத்துப் பலாலியில் கடற்காற்றின் உப்பு விமானத்துக்கு என்ன செய்யும் என்று பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்துவார்கள். உரத்தைப் பார்த்த பிறகு அந்த உப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.


#5 ஹேஸ்டிங்ஸ் நர்ஸ்

எனக்கு விமானம் ஒன்றும் தெரியாது. ஆனால் என் வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவர் இந்தத் தொழிலில் லோடர், அதாவது விமானத்தில் உரம் ஏற்றும் வண்டி, ஓட்டியவர். தன் கண்முன்னால் விழுந்த ஒரு விமானத்தைப் பற்றி ஒரே ஒருமுறை சொன்னார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இந்தத் தொழிலில் நிறையப் பேர் இறந்ததாகச் சொல்வார்கள். ஏன் அவ்வளவு பேர் இறந்தார்கள்? மலை மட்டும்தான் காரணமா?


#6 மாசி மாணவன்

தங்கச்சி, மலையும் ஒரு காரணம். தரையை ஒட்டிப் பறப்பதால் தப்பு செய்தால் திருத்த உயரம் இருக்காது. நாள் முழுக்கப் பல பத்து முறை எழும்பி இறங்கும் களைப்பு இன்னொன்று. மூன்றாவதை நான் நேரில் பார்த்தேன், ஒரு வகையில் அதில் எனக்கும் பங்கு உண்டு.

பண்ணையில் உரக் கிடங்கின் ஒரு மூலையில் மழை ஒழுகி சூப்பர் கட்டியாகிக் கிடந்தது. என் வேலை மண்வெட்டியோடு நின்று குவியலை லோடரின் பக்கெட்டுக்குத் தோதாகத் தள்ளிக் கொடுப்பது. மதியத்துக்கு மேல் நல்ல உரம் தீர்ந்துகொண்டு வந்தது. மூலையில் இருந்ததைக் கொத்தி உடைத்துச் சேர்த்தேன். கையால் அமுக்கிப் பார்த்தால் உருண்டை பிடித்தது. அதைப் பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. உடைத்தால் போதும் என்று நினைத்தேன், எனக்கு வயது இருபது.

விமானம் எழும்பியது. முதல் ஓட்டத்தில் கொஞ்சம்தான் விழுந்தது. இரண்டாவது ஓட்டத்தில் ஒன்றுமே விழவில்லை. தொட்டிக்குள் உரம் வளைவு கட்டி நின்றுவிட்டது. கதவு திறந்திருக்கிறது, பாரம் இறங்கவில்லை. நம் வீட்டுக் குதிரில் ஈர நெல் அடைத்துக்கொள்ளுமே, அதேதான். விமானிக்கு இதுதான் பெரிய ஆபத்து. பள்ளத்தாக்கின் முனையில் மேலே ஏறும்போது பாரம் போயிருக்கும் என்ற கணக்கில்தான் பாதை வகுத்திருப்பார். ஏதாவது கோளாறு என்றால் முழுப் பாரத்தையும் சில நொடியில் கொட்டிவிடலாம் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே காப்பு. கட்டியான உரம் அந்தக் காப்பையும் எடுத்துவிடுகிறது.

அவர் விமானத்தைக் குலுக்கிப் பார்த்தார். கீழே நின்ற எங்களுக்கு மூச்சே வரவில்லை. கடைசியில் பாரத்தோடு பட்டைக்கே திரும்பி, மேட்டைப் பார்த்து இறங்கினார். ஒரு சக்கரக் கால் வளைந்தது, மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி நேராகக் கிடங்குக்கு வந்து, ஒரு பிடி உரத்தை எடுத்து அமுக்கி, உள்ளங்கையை விரித்து எங்களிடம் காட்டினார். உருண்டை உடையாமல் இருந்தது. நான்தான் கொத்திப் போட்டேன் என்று சொன்னேன். "கையில் உருண்டை பிடித்தால் என் விமானத்துக்குள் போடாதே" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் வார்டுப் பெரியவர் ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பினார் என்று எனக்குப் புரிகிறது. உரத்தைப் பார்த்துப் போட வேண்டியவர் லோடர்காரர். மேலே போகிற உயிர் அவர் பார்வையில்தான் இருக்கிறது.


#7 சுவா டீச்சர்

எல்லோரும் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்தேன். உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் இந்த இழையில் ஒரு இடத்தைப் பற்றிய பேச்சே வரவில்லை. அந்தப் பாறை எங்கிருந்து வந்தது?

ஃபிஜியில் ஆசிரியையாக இருந்தபோது ராம்பி தீவுப் பிள்ளைகள் சிலர் என்னிடம் படித்தார்கள். அவர்கள் பனாபா தீவின் மக்கள். பசிபிக்கின் நடுவில், ஆறு சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள தீவு. அதன் மேல்மண்ணே பாஸ்பேட். 1900 முதல் தோண்டினார்கள். 1920இலிருந்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அமைத்த ஆணையம் பனாபாவிலும் நவுரு தீவிலும் தோண்டியது. தோண்டியதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டு நாட்டு வயலுக்கும் மலைக்கும் உரமாகப் போனது. போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், பனாபா மக்களை ஃபிஜியில் உள்ள ராம்பியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தத் தீவை வாங்கியதும் அவர்களுடைய பாஸ்பேட் பணத்தில்தான். 1979 வரை பனாபாவில் சுரங்கம் ஓடியது. மிஞ்சியது கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புப் பாறை.

ஒரு பையன் வகுப்பில் தன் ஊர்ப் படம் வரையச் சொன்னபோது பாட்டி சொன்ன தீவை வரைந்தான். அவன் அதைப் பார்த்ததே இல்லை. மா மரம், பாதாம் மரம், கிணற்றுக் குகை எல்லாம் போட்டான். அந்த மண்தான் அண்ணன் கழுவிய தூள். நீங்கள் தெரிந்தே செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நினைவு என்று எழுதும்போது இதுவும் அதோடு வர வேண்டும்.


#8 பழைய டகோட்டா

டீச்சர், எழுதியதற்கு நன்றி. மறுமொழி எழுத இரண்டு நாள் எடுத்தேன்.

கொட்டகையில் குவியலைப் பார்க்கும்போது அது கப்பலில் வந்த பாறை என்று தெரியும். நவுரு, கிறிஸ்மஸ் தீவு என்ற பெயர்கள் காதில் விழும். அது ஒருவருடைய முற்றம் என்று நான் யோசிக்கவில்லை. 1983க்குப் பிறகு எங்கள் சொந்த ஊரை விட்டு என் உறவுகள் ஒவ்வொருவராக வெளியேறிய காலத்தில்கூட இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தப் பையன் வரைந்த படத்தை இனி மறக்கமாட்டேன். பேத்திக்கும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாறையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அதிகம். பல பத்தாண்டுகள் போட்ட மண்ணில் அது சேர்ந்துவிட்டது. 1990களில்தான் உரத்தில் அதற்கு உச்சவரம்பு வைத்தார்கள். செங்குத்தான சில மலைகளைப் புல்லாகவே வைத்திருந்தது தவறு என்றும் இப்போது பலர் சொல்கிறார்கள். 1988இல் போலா புயல் கிஸ்போர்ன் பக்கத்து மலைகளை வழித்துக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான். எவ்வளவு உரம் போட்டிருந்தாலும் புல்லின் வேர் அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தாது. அங்கே மரம் நின்றிருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தொழில் எப்படி முடிந்தது என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். 1984இல் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் விவசாய மானியங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தது, உர மானியமும் போனது. ஆட்டுக்காரர் முதலில் வெட்டிய செலவு உரம்தான். புல் ஓரிரு வருடம் தாக்குப்பிடிக்கும், வங்கி தாக்குப்பிடிக்காது. சின்ன விமானங்கள் எப்படியோ சமாளித்தன, டர்பைன் எஞ்சின் வைத்தவை இன்றும் பறக்கின்றன. ஐந்து டன் விமானத்துக்கு அவ்வளவு வேலை கிடைக்கவில்லை. டகோட்டாக்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. ஒன்று டௌபோவில். ஒன்று மங்காவேகாவில் நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போனது. ஒன்று ஆஷ்பர்ட்டன் அருங்காட்சியகத்தில். பல விமானங்களை உதிரிப்பாகத்துக்காகப் பிரித்தார்கள், சிலதை நானும் சேர்ந்து பிரித்தேன்.

பிரித்தபோது ஒரு விமானத்தின் அடிவயிற்றில் நான் ரிவெட் அடித்த அந்தத் தகடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.


#9 வடவாற்றங்கரை

ஐயா, டீச்சர், மாசி அண்ணன், எல்லோருக்கும் நன்றி. உரக்கடையில் சூப்பர் மூட்டையைத் தொடும்போது இனி வேறு மாதிரிதான் இருக்கும்.

இப்போது ஒரு உதவி. எங்கள் ஊரில் சம்பா அறுவடைக்கு முன் உளுந்து தெளித்துவிடுவோம். பூக்கும் நேரத்தில் இரண்டு சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும். முன்பு கைத்தெளிப்பான், இப்போது ட்ரோன். என் அக்கா மகன் கடன் வாங்கி ஒரு ட்ரோன் வைத்திருக்கிறான். போன பருவத்தில் நன்றாக ஓடியது. இந்தப் பருவம் தொடங்கியதும் ஒரு மோட்டார் திடீரென்று நின்று வயலில் விழுந்துவிட்டது. திறந்து பார்த்தால் கனெக்டரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்கிறான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்தத் தாத்தாவிடம் கேளுங்கள் மாமா" என்கிறான்.


#10 பழைய டகோட்டா

கேட்டது பெரிய சந்தோஷம். ட்ரோனை நான் கையில் பிடித்ததில்லை, ஆனால் உரத்தை அறிவேன். மருமகனிடம் இப்படிச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த அன்றைக்கே கழுவ வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் இரவுப் பனி வேலையைத் தொடங்கிவிடும். முதலில் தொட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் குழாய்களில் ஓடவிட வேண்டும், கரைசலின் நிறம் போன பிறகும் இன்னொரு முறை. அதற்குப் பிறகு மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். உடம்பைப் பீச்சாங்குழாயால் அடிக்கக் கூடாது, வேகத் தண்ணீர் உரத்தை மூட்டுகளுக்குள் தள்ளிவிடும். ஈரத் துணியால் துடைத்து, துணியை அலசி, மறுபடி துடைக்க வேண்டும். பிறகு காயவிட வேண்டும், பெட்டிக்குள் ஈரத்தோடு பூட்டுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

இரண்டு உலோகம் சேரும் இடங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியத்தில் எஃகுத் திருகாணி பூட்டிய இடம், கம்பி முனையில் செம்பு தொடும் இடம். எப்போதும் அரிப்பு தொடங்குவது அங்கேதான். வெள்ளைப் பூவைச் சுரண்டிவிட்டு அப்படியே பூட்டக் கூடாது. அடியில் உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், குழி விழுந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கடன் இருக்கும்போது மாற்ற மனம் வராது, தெரியும். ஆனால் ஒரு கனெக்டரின் விலையும் ஒரு மோட்டாரின் விலையும் ஒன்றல்ல. கீழே ஆள் நின்றால் அந்தக் கணக்கே வேறு.

அடிப்பக்கத்தில் தண்ணீர் இறங்க வழி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு கம்பி வைத்துத் தினமும் குத்திவிட வேண்டும்.


#11 வடவாற்றங்கரை

பையன் இப்போதுதான் மொத்தமாகக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறான். கை மடக்கும் மூட்டில் ஒரு திருகாணி திருப்பும்போதே மாவாகிவிட்டதாம். மற்ற மூன்று கையிலும் அதே இடத்தில் வெள்ளை. கீழ்ப்பக்கம் இரண்டு சின்ன ஓட்டை இருக்கிறது, ஒன்று அடைத்திருக்கிறது என்கிறான்.


#12 பழைய டகோட்டா

அடைத்த ஓட்டை எந்தக் கைக்குக் கீழே இருக்கிறது? விழுந்த மோட்டார் பக்கமா, எதிர்ப்பக்கமா? துடைப்பதற்கு முன் படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.